புகை வந்த இடம்தான் ஊர்: கான்சாஸின் நிக்கோடிமஸில் எதைக் காப்பாற்றுகிறார்கள்?

வழிப்போக்கன்

போன மாதம் டென்வரிலிருந்து கான்சாஸ் சிட்டிக்குத் தனியாகக் கார் ஓட்டி வந்தேன். 70ஆம் எண் நெடுஞ்சாலையில் லாரிகளோடு மல்லுக்கட்டப் பிடிக்காமல் வடக்கே ஏறி 24ஆம் எண் சாலையைப் பிடித்தேன். ஹில் சிட்டி தாண்டியதும் நிக்கோடிமஸ் என்று ஒரு பலகை. கூடவே தேசியப் பூங்காத் துறையின் பழுப்புப் பலகை. பூங்கா என்றால் நாலு மரமாவது இருக்கும், காலை நீட்டிக்கொள்ளலாம் என்று திருப்பினேன்.

இருந்தது காற்றுதான். அப்புறம் ஐந்து பழைய கட்டடங்கள்: ஊர் மன்றம், இரண்டு தேவாலயங்கள், ஒரு காலத்தில் விடுதியாக இருந்த வீடு, ஒரு பள்ளிக்கூடம். பார்வையாளர் மையம் அந்த மன்றத்துக்குள்தான். நான் போனபோது பூட்டி நேரமாகிவிட்டது, தப்பு என்னுடையது. கண்ணாடியில் மூக்கை வைத்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். வீட்டுக்கு வந்தபின் இரண்டு வாரமாக இதைப் பற்றியேதான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1877இல் டபிள்யூ.ஆர். ஹில் என்ற வெள்ளைக்கார நில வியாபாரியும் டபிள்யூ.எச். ஸ்மித் என்ற கறுப்பினப் போதகரும் சேர்ந்து கம்பெனி தொடங்கி, சாலமன் ஆற்றங்கரையில் இந்த ஊரைக் காகிதத்தில் வரைந்தார்கள். கென்டகியில் துண்டுப்பிரசுரம் கொடுத்து ஆள் சேர்த்தார்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டுப் பன்னிரண்டு வருடம்கூட ஆகாத மக்கள். அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் சுமார் 300 பேர் வந்து இறங்கினார்கள். ஊர் இருக்கும் என்று நினைத்து வந்தவர்களுக்கு வெறும் புல்வெளி. பலர் மறுநாளே திரும்பிப் போனார்கள். மீதிப் பேர் மண்ணைக் குடைந்து அதற்குள் குடியிருந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் வேட்டை முடிந்து வந்த ஓசேஜ் பழங்குடியினர் இறைச்சி கொடுத்திருக்காவிட்டால் கதையே முடிந்திருக்கும் என்பார்கள்.

1878 வசந்தத்தில் அடுத்த கூட்டம் வந்தது. அதில் வில்லியானா ஹிக்மன் என்ற பெண். வழியில் எல்லிஸ் என்ற ஊரில் தட்டம்மை வந்து குழந்தைகள் இறந்திருந்தார்கள். அவருக்கும் உடம்பு சரியில்லை. ஆண்கள் 'அதோ நிக்கோடிமஸ்' என்று கத்துகிறார்கள். இவருக்கு ஒன்றும் தெரியவில்லை. எங்கே என்று கேட்கிறார். கணவர் தரையிலிருந்து அங்கங்கே எழும்பும் புகையைக் காட்டி, அதுதான் ஊர் என்கிறார். அந்த அம்மா அழ ஆரம்பித்துவிட்டார்.

இப்போது என் கேள்வி. 2020 கணக்கெடுப்பில் அங்கே 14 பேர். அப்படியானால் அங்கே 'பாதுகாக்கப்படுவது' எது? ஐந்து கட்டடங்களா, ஒரு கதையா, அந்த 14 பேரா?

மொட்டைமாடி

14 பேரா? எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்டில் காலை எட்டரைக்கு அதைவிட அதிகம் பேர் நிற்போம்.

கணக்குப்பிள்ளை

கோபப்படாமல் படியுங்கள். அமெரிக்கப் பெருஞ்சமவெளியில் கைவிடப்பட்ட ஊர்கள் ஏராளம். ரயில் வரும் என்று நம்பித் தொடங்கி, வராமல் செத்த ஊர்கள். வெள்ளையர் ஊர், ஜெர்மானியர் ஊர் எல்லாம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மத்திய அரசு காவலுக்கு ஆள் போட முடியுமா? வரலாறு வேண்டுமென்றால் ஒரு நல்ல புத்தகம் போதும். கூரை மாற்றுவது, சுவர் பூசுவது எல்லாம் முடிவே இல்லாத செலவு. பதிவு போட்டவர்கூட கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத்தானே வந்தார்? அவருக்கு இவ்வளவையும் தந்தது வீட்டில் படித்த படிப்புதானே?

வழிப்போக்கன்

@கணக்குப்பிள்ளை அண்ணா, கடைசி வரி சுருக்கென்று தைத்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பலகையைப் பார்த்துத் திரும்பியதால்தான் படிக்கவே ஆரம்பித்தேன்.

ரயில் விஷயம் நீங்கள் சொன்னது சரி. இங்கேயும் அதேதான் நடந்தது, ஆனால் இன்னும் கசப்பாக. 1880களின் நடுவில் ஊர் நன்றாக எழுந்துவிட்டது. கடைகள், விடுதி, வங்கி, இரண்டு செய்தித்தாள்கள். 'வெஸ்டர்ன் சைக்ளோன்' 1886இல் வந்தது, 'நிக்கோடிமஸ் என்டர்பிரைஸ்' 1887இல். ரயிலை இழுக்க ஊரே வாக்களித்து 16,000 டாலர் கடன்பத்திரம் வெளியிடச் சம்மதித்தது. மிசூரி பசிபிக் ரயில் கம்பெனி வரவில்லை. 1888இல் யூனியன் பசிபிக் ஆற்றுக்குத் தெற்கே சில மைல் தள்ளிக் கூடாரம் போட்டது. அந்த இடம்தான் போக் என்ற ஊர் ஆனது. நிக்கோடிமஸ் வியாபாரிகள் கடைகளையே அங்கே நகர்த்திக்கொண்டு போனார்கள். செய்தித்தாள்கள் நின்றன. 1930களின் புழுதிப்புயல் காலம் மிச்சத்தையும் தின்றது. 1953இல் தபால் நிலையம் மூடியது, 1960இல் பள்ளிக்கூடம்.

மற்ற ஊர்கள் செத்தன, இது சாகவில்லை. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய அந்தக் காலத்தில் மிசிசிப்பிக்கு மேற்கே கறுப்பின மக்கள் உருவாக்கியவற்றில் இன்றும் ஆள் குடியிருக்கும் பழைய ஊர் இதுதான். அதனால்தான் 1976இல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்றும், 1996 நவம்பரில் தேசிய வரலாற்றுத் தலம் என்றும் அறிவித்தார்கள்.

பழையஏடு

கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். நான் இங்கே ஒரு கவுன்டி நூலகத்தில் குடும்ப வரலாறு தேடி வருகிறவர்களுக்கு உதவும் தன்னார்வலர். எட்டு வருடமாகிறது. 'புத்தகம் போதும்' என்கிறார் கணக்குப்பிள்ளை. அந்தப் புத்தகம் எதிலிருந்து எழுதப்படும் என்பதை மட்டும் பார்ப்போம்.

வெள்ளைக் குடும்பம் ஒன்று தன் பாட்டனைத் தேடினால் 1850 கணக்கெடுப்பு வரை மளமளவென்று போகலாம், பெயர் பெயராக இருக்கும். கறுப்பினக் குடும்பம் தேடினால் 1870இல் போய் முட்டிக்கொள்ளும். விடுதலையான மக்களின் பெயர்கள் கணக்கெடுப்பில் முதன்முதலாக வந்தது அந்த ஆண்டில்தான். அதற்கு முந்தைய 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உடைமையாளரின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். அவ்வளவுதான். 'பெண், 30'. 'ஆண், 4'. நாற்பது வயதில் ஓர் ஆசிரியை என் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, இந்த '4' என் கொள்ளுத்தாத்தாவாக இருக்குமா என்று கேட்டார். நான் என்ன சொல்வேன்?

சரி, 1870க்கு அப்புறமாவது நிம்மதியா என்றால், 1890 கணக்கெடுப்பு 1921 ஜனவரியில் வாஷிங்டனில் வர்த்தகத் துறைக் கட்டடத்தில் பிடித்த தீயில் போனது. தீயும் தண்ணீரும் விட்டுவைத்ததைப் பிறகு அதிகாரிகளே அழித்தார்கள். நிக்கோடிமஸ் எழுந்து விழுந்த காலம் முழுக்க 1880க்கும் 1900க்கும் நடுவில்தான் இருக்கிறது. சரியாக அந்த ஓட்டை.

இந்த இடத்தில் கான்சாஸ் நம்மைக் காப்பாற்றுகிறது. அந்த மாநிலம் ஐந்தில் முடியும் ஆண்டுகளில் தனியாகக் கணக்கெடுப்பு நடத்தியது: 1875, 1885, 1895, அப்படியே 1925 வரை. அதில் ஓர் அருமையான பத்தி உண்டு. எங்கே பிறந்தீர்கள் என்பதோடு, எங்கிருந்து கான்சாஸுக்கு வந்தீர்கள் என்று கேட்பார்கள். இடம்பெயர்ந்த மக்களுக்கு அது தங்கம்.

அடுத்தது, குடியேற்ற நிலக் கோப்புகள். 1862 சட்டப்படி 160 ஏக்கர் கிடைக்க வேண்டுமானால் ஐந்து வருடம் குடியிருந்து உழுததை நிரூபிக்க வேண்டும். அண்டை வீட்டார் இருவர் சாட்சி சொல்ல வேண்டும். அந்த வாக்குமூலங்களில் வீடு எத்தனை அடி, எத்தனை ஏக்கர் உழுதது, கிணறு உண்டா, கோழிக்கூண்டு உண்டா என்பது வரை இருக்கும். எழுத்தறியாதவர் குறி போட்டிருப்பார். யாருக்கு யார் சாட்சி நின்றார்கள் என்று பார்த்தாலே ஊரின் உறவுமுறை தெரிந்துவிடும்.

இன்னொன்று, உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட கறுப்பினச் சிப்பாய்களின் ஓய்வூதியக் கோப்புகள். விதவைக்கு ஓய்வூதியம் கிடைக்க, கல்யாணம் நடந்ததை நிரூபிக்க வேண்டும். அடிமைகளுக்குச் சட்டப்படி கல்யாணமே கிடையாது, காகிதம் எங்கிருந்து வரும்? அதனால் பக்கத்துவீட்டுக் கிழவிகள், பிரசவம் பார்த்தவர்கள், கூட வேலை செய்தவர்கள் என்று வரிசையாக வாக்குமூலம் கொடுத்திருப்பார்கள். யாரை எந்த வருடம் விற்றார்கள், யார் எந்தப் பண்ணையில் இருந்தார் என்பதெல்லாம் அந்தச் சாட்சியங்களில் கொட்டிக் கிடக்கும். அரசாங்கத்தின் சந்தேகப்புத்தி நமக்கு வரலாறாகிவிட்டது.

தறிநாடா

அக்கா, கடைசி வரியைச் சுவரில் எழுதிவைக்கலாம்.

கணக்குப்பிள்ளை

பழையஏடு அவர்களுக்கு நன்றி, கற்றுக்கொண்டேன். ஆனால் பாருங்கள், இவை எல்லாம் வாஷிங்டனிலும் கான்சாஸ் தலைநகர் டொபீகாவிலும் பத்திரமாக இருக்கின்றன. நிக்கோடிமஸில் கூரை மாற்றியதால் இதில் ஒரு வரிகூடக் கூடவில்லை. நீங்கள் என் பக்கம்தான் வாதாடியிருக்கிறீர்கள் 🙂

பழையஏடு

அப்படியா? அந்தக் கோப்பு ஐம்பது வருடம் பெட்டியில் கிடக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். எந்தப் பெயரைத் தேடுவது என்று தெரிந்த ஒருவர் வர வேண்டும். அந்தப் பெயர் அவருக்கு எங்கிருந்து கிடைக்கும்? அத்தை சொல்லியிருப்பார். அத்தையை எங்கே பார்ப்பார்?

இதற்கு நிக்கோடிமஸிடம் ஒரு பதில் இருக்கிறது, வழிப்போக்கன் அதைத் தொடவே இல்லை.

வழிப்போக்கன்

தொட வந்தேன் அக்கா, நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

ஒவ்வொரு வருடமும் ஜூலை கடைசி வாரக்கடைசியில் ஊர்கூடல். தொடங்கிய புதிதில் அது விடுதலை விழா. 1834 ஆகஸ்ட் 1 அன்று பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்ததைக் கொண்டாடுவது. கென்டகிக்காரர்கள் ஏன் ஜமைக்காவின் நாளைக் கொண்டாட வேண்டும் என்று எனக்கும் முதலில் புரியவில்லை. அமெரிக்காவில் விடுதலை வராத காலத்திலேயே கறுப்பின மக்கள் ஆகஸ்ட் 1ஐ நம்பிக்கை நாளாகக் கொண்டாடி வந்திருக்கிறார்கள். அந்த வழக்கத்தைப் புல்வெளிக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். (அந்த விடுதலைக்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் போதாமல்தான் ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்களையும் கப்பலேற்றினார்கள். அந்தத் தேதியில் நமக்கும் ஒரு மூலை இருக்கிறது.)

தோப்பில் கூடாரம், பன்றிக்கறி வாட்டல், பேஸ்பால், அணிவகுப்பு. ஊருக்கு 'நிக்கோடிமஸ் ப்ளூஸ்' என்று சொந்த பேஸ்பால் அணியே இருந்தது. ஊர் சுருங்கச் சுருங்க விழா மாறியது. விடுதலை விழாவாக இருந்தது, வெளியேறியவர்கள் திரும்பி வரும் நாளாகிவிட்டது. டென்வர், டொபீகா, கலிஃபோர்னியா என்று சிதறிய குடும்பங்கள் வருகின்றன. 14 பேர் உள்ள ஊரில் அந்த மூன்று நாளில் நூற்றுக்கணக்கானோர்.

மொட்டைமாடி

லிஃப்ட் நகைச்சுவையை வாபஸ் வாங்குகிறேன்.

தறிநாடா

நான் ஒலிப்பதிவு செய்கிறவன். பழையஏடு அக்கா காகிதத்தைச் சொன்னார்கள். நான் வாயைச் சொல்கிறேன்.

வில்லியானா ஹிக்மன் சொன்ன புகைக் கதை இல்லாமல் நிக்கோடிமஸ் பற்றி யாரும் எழுதுவதில்லை. அவர் அதை 1878இல் எழுதிவைக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து, கிழவியான பிறகு, ஒரு செய்தித்தாளுக்குச் சொன்னது. யாரோ ஒருவர் போய்க் கேட்டதால் இருக்கிறது. அவரோடு வந்த மற்றப் பெண்கள் என்ன பார்த்தார்கள்? யாரும் கேட்கவில்லை.

கேட்பதிலும் யார் கேட்கிறார் என்பது முக்கியம். 1936 முதல் 1938 வரை அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டம் ஒன்று முதியவர்களிடம் கேட்டு எழுதியது. அடிமைகளாக இருந்த முதியவர்களின் 2,300க்கும் மேற்பட்ட நேர்காணல்கள் அதில் சேர்ந்தன. பெரிய பொக்கிஷம். ஆனால் கேட்கப்போனவர்களில் பெரும்பாலோர் தெற்கத்திய வெள்ளையர். சிலர் பழைய எஜமானின் ஊர்க்காரர், சிலர் அவருடைய சொந்தக்காரரே. பொருளாதார வீழ்ச்சிக் காலம், ஓய்வூதியம் வாங்கிக் கொடுக்க வந்திருப்பாரோ என்று கிழவனார் நினைக்கிறார். எதைச் சொல்வார்? 'எங்க எஜமான் நல்லவருங்க' என்பார். அதை அப்படியே உண்மை என்று எடுத்தாலும் தப்பு, பொய் என்று தள்ளினாலும் தப்பு. யாரிடம் சொன்னார் என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

எழுதும் மொழி இன்னொரு தலைவலி. 1860இல் அலபாமாவுக்குக் கள்ளத்தனமாக வந்த கடைசி அடிமைக் கப்பல் 'கிளோடில்டா'. அதில் வந்து, பின்னால் ஆஃப்ரிக்காடவுன் என்ற ஊரை உருவாக்கியவர்களில் ஒருவர் கஜோ லூயிஸ். அவரை 1927இல் எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டன் பேட்டி கண்டு, அவர் பேசியபடியே எழுதினார். பதிப்பகம் அந்தப் பேச்சுமொழியைத் திருத்தித் தரச் சொன்னது. ஹர்ஸ்டன் மறுத்துவிட்டார். அந்த நூல் 2018இல்தான் வெளிவந்தது. கிட்டத்தட்ட 90 வருடம்! நம்மில் வட்டார வழக்கில் எழுதுகிறவர்களுக்கு இந்த வலி தெரியும்.

கணக்குப்பிள்ளை

வாய்மொழி என்றீர்கள், சரி. நிக்கோடிமஸ் என்ற பெயர் எப்படி வந்தது? கப்பலில் வந்து, பின்னால் தன் விடுதலையைத் தானே விலைகொடுத்து வாங்கிய ஓர் அடிமை இளவரசனின் பெயர் என்கிறார்கள் சிலர். பைபிளில் இரவில் இயேசுவைப் பார்க்க வந்த நிக்கோடேமு என்கிறார்கள் வேறு சிலர். அந்த இளவரசனைப் பற்றி அப்போது ஒரு பாட்டு பிரபலமாக இருந்தது, அதிலிருந்து துண்டுப்பிரசுரத்துக்கு வந்தது என்று இன்னொரு கட்சி. இதில் எது வரலாறு? எல்லாவற்றையும் 'மக்கள் நினைவு' என்று சொல்லி மாலை போட்டுவிடலாமா?

தறிநாடா

மாலை போடச் சொல்லவில்லை. எந்தக் குடும்பம் எந்தக் கதையை, எந்த வருடத்திலிருந்து சொல்கிறது என்று குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். 1877இல் ஒரு தாய் தன் பிள்ளையிடம் இளவரசன் கதையைச் சொன்னாள் என்றால், இளவரசன் இருந்தானா என்பது ஒரு கேள்வி. அந்தத் தாய்க்கு அந்தக் கதை ஏன் தேவைப்பட்டது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு விடை கிடைக்காமலே போகலாம். இரண்டாவதற்கு வாய்மொழியைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது.

கணக்குப்பிள்ளை

சரி, இதை யோசிக்கிறேன். (ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தமில்லை.)

ஹூஸ்டன்வாசி

தாமதமாக வருகிறேன். நிக்கோடிமஸுக்கு அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன். பலகை இருக்கிறது, சட்டம் இருக்கிறது, வாஷிங்டனில் பேச கான்சாஸ்காரரான செனட்டர் பாப் டோல் இருந்தார். நான் இருக்கும் டெக்சஸில் விடுதலைக் குடியிருப்புகள் என்று ஒரு வகை உண்டு. 1865க்கும் 1930க்கும் இடையில் விடுதலை பெற்றவர்கள் ஆற்றங்கரை, பள்ளம், காடு என்று யாருக்கும் வேண்டாத நிலத்தில் உருவாக்கிய ஊர்கள். 557 பெயர்கள் கணக்கில் இருக்கின்றன. பெரும்பாலானவை எந்த வரைபடத்திலும் இல்லை. ஊராட்சி கிடையாது, எல்லைக்கல் கிடையாது. ஆண்ட்ரியா ராபர்ட்ஸ் என்ற திட்டமிடல் பேராசிரியர் 2014 முதல் அவற்றை இணைய வரைபடத்தில் ஏற்றிவருகிறார். வாரிசுகளே இடத்தைக் குறித்து, கதையையும் படத்தையும் சேர்க்கலாம்.

நான் ஒரு தடவை நண்பரோடு அப்படி ஓர் இடத்துக்குப் போனேன். ஊர் எங்கே என்றேன். தேவாலயத்தையும் கல்லறையையும் காட்டினார். வீடுகள்? 'யாரும் இங்கே குடியிருப்பதில்லை, எல்லாரும் இந்த ஊர்தான்' என்றார். எல்லாரும் நாடி வரும் ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் அது ஊர்.

அங்கே எதிரி வெறுமை இல்லை, நிலப் பத்திரம். பாட்டன் உயில் எழுதாமல் செத்திருப்பார். கோர்ட்டு, வக்கீல் என்றாலே பயந்த காலம். நிலம் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று அறுபது பேருக்குப் பிரிக்காத சொத்தாகக் கிடக்கும். சிகாகோவில் இருக்கும் ஒரு தூரத்துப் பேரனிடம் ஒரு கம்பெனி அவன் பங்கை மட்டும் வாங்கும். அப்புறம் பங்குதாரர் என்ற உரிமையில் கோர்ட்டுக்குப் போய், மொத்த நிலத்தையும் ஏலம் விட வைக்கும். இதைத் தடுக்க 2010இல் ஒரு மாதிரிச் சட்டம் எழுதினார்கள், பல மாநிலங்கள் ஏற்றிருக்கின்றன. ஆனால் அதற்கு முன்பே போன நிலம் போனதுதான்.

வழிப்போக்கன்

ஜார்ஜியாவின் சபேலோ தீவிலும் இதே சங்கதிதானே?

ஹூஸ்டன்வாசி

ஆமாம், ஆனால் தலைகீழாக. அங்கே ஹாக் ஹேமக் என்ற இடத்தில் கல்லா கீச்சி மக்கள், அதாவது தோட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள், சில டஜன் பேர் மிஞ்சியிருக்கிறார்கள். நிக்கோடிமஸ் நிலம் யாருக்கும் வேண்டாம். சபேலோவில் கடல் தெரியும், எல்லோருக்கும் வேண்டும். வீடு 1,400 சதுர அடிக்கு மேல் கூடாது என்று விதி இருந்தது, சின்ன வீடு கட்டப் பணக்காரன் வரமாட்டான் என்பதற்காக. 2023 செப்டம்பரில் கவுன்டி அதை 3,000 ஆக்க வாக்களித்தது. பெரிய வீடு வந்தால் நிலமதிப்பு ஏறும், வரி ஏறும், வரி கட்ட முடியாமல் பழைய குடும்பம் விற்கும். யாரையும் துரத்தவே வேண்டாம். மக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், பொதுவாக்கெடுப்பு கேட்டுக் கையெழுத்து வாங்கினார்கள்.

எனவே கணக்குப்பிள்ளை சார், 'ஒரு புத்தகம் போதும்' என்பதை சபேலோவில் போய்ச் சொன்னால் கயிற்றுக்கட்டிலில் உட்காரவைத்துக் கதை சொல்லிவிட்டு, கடைசியில் வரி ரசீதைக் காட்டுவார்கள்.

கணக்குப்பிள்ளை

சபேலோவில் கயிற்றுக்கட்டில் இருக்கிறதா?

ஹூஸ்டன்வாசி

இல்லை. வாய்தவறி வந்துவிட்டது. திண்ணையில் நாற்காலி.

நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. கட்டில், நாற்காலி ஆராய்ச்சிக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள்.

வழிப்போக்கன்

நிக்கோடிமஸுக்கே திரும்புகிறேன். அந்த 1996 அறிவிப்பு மேலிருந்து விழுந்தது என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஆஞ்சலா பேட்ஸ் என்ற வழித்தோன்றல், கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர், 1980களின் இறுதியில் ஊருக்கான வரலாற்றுக் கழகத்தைத் தொடங்கி, வருடக்கணக்காகக் கடிதம் எழுதி, ஆட்களைப் பார்த்து வாங்கியது. விடுமுறைக்கு வந்துபோன ஊரை விட முடியாமல் அந்தப் பக்கமே குடிவந்துவிட்டார்.

அப்புறம் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. கல் கட்டடம் எல்லாம் பின்னால் வந்தது. ஊர் மன்றம் 1939இல் ரூஸ்வெல்ட் கால வேலைத்திட்டத்தில் கட்டியது. பள்ளிக்கூடம் 1918. வில்லியானா அழுத அந்த மண்குழி வீடு ஒன்றுகூட மேலே மிஞ்சவில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தொல்லியல் மாணவர்கள் பழைய பண்ணை ஒன்றில் தோண்டித்தான் அதைப் பார்த்தார்கள். காக்கப்பட்டது இரண்டாம் தலைமுறையின் ஊர். முதல் தலைமுறையின் ஊர் பேச்சில்தான் இருக்கிறது.

பழையஏடு

இதைத்தான் நான் சொல்ல நினைத்தது, நீங்கள் நன்றாகச் சொன்னீர்கள். ஒரே ஒரு திருத்தம். பேச்சிலும், மண்ணிலும், சாட்சி வாக்குமூலத்திலும். குழிவீட்டின் நீள அகலத்தை அண்டை வீட்டுக்காரன் சொன்னது கோப்பில் இருக்கும்.

செய்தித்தாளும் இருக்கிறது. கான்சாஸ் மாநில வரலாற்றுக் கழகத்தை 1875இல் தொடங்கியவர்களே பத்திரிகை ஆசிரியர்கள்தான். மாநிலத்தில் எந்த மூலையில் தாள் அச்சானாலும் ஒரு பிரதி வாங்கிவைத்தார்கள். அதனால் ரயில் வரப்போகிறது என்று குதித்த சைக்ளோனையும் இன்று படிக்க முடிகிறது. நாலு பக்கத் தாள். யார் வீட்டுக்கு யார் விருந்து வந்தார் என்பது வரை போட்டிருப்பார்கள்.

மொட்டைமாடி

ஒரு நடைமுறைக் கேள்வி. நாளைக்கே ஒரு குடும்பம் பழைய பெட்டியோடு வந்து உட்கார்ந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?

பழையஏடு

முதலில் பெட்டியைத் தொட மாட்டேன். பெட்டியில் எது எதன் மேல் இருந்தது என்பதைப் படம் எடுப்பேன். பாட்டி எதை எதோடு சேர்த்து வைத்தாள் என்பதும் ஒரு செய்தி. படங்களை எங்கும் எடுத்துப்போக மாட்டேன். அவர்கள் கண் முன்னால், அதே மேசையில் ஸ்கேன் செய்து கையிலேயே திருப்பிக் கொடுப்பேன். 'நகல் எடுத்துத் தருகிறேன்' என்று வாங்கிப்போன வெளியூர்க்காரர்களிடம் படத்தை இழந்த குடும்பம் எத்தனையோ. நம்பிக்கை ஒருமுறை போனால் அந்த ஊரில் அடுத்த தலைமுறையும் கதவைத் திறக்காது.

ஸ்கேன் அங்குலத்துக்கு 600 புள்ளிக்குக் குறையக்கூடாது, டிஃப் கோப்பாக. படத்தின் பின்பக்கத்தையும் சேர்த்து. பெயர் எழுதுவதானால் மென்மையான பென்சில், ஓரத்தில். பால்பாயிண்ட் பேனாவை எடுத்தால் கையைப் பிடித்துக்கொள்வேன்.

தறிநாடா

ஒலிக்கு நானும் சேர்க்கிறேன். வேவ் கோப்பாகப் பதியுங்கள், எம்பி3 பகிரும்போது போதும். குளிர்ப்பெட்டியை அணைத்துவிட்டுப் பதியுங்கள், ஆனால் கிளம்பும்போது மறுபடி போட்டுவிடுங்கள் (அனுபவம்). ஒப்புதல் படிவம் கட்டாயம்: யார் கேட்கலாம், இப்போதா, அவர் காலத்துக்குப் பிறகா. 'ஆரம்பத்திலிருந்து சொல்லுங்க' என்று கேட்காதீர்கள், யாராலும் முடியாது. ஒரு படத்தை நீட்டி, இதில் யார் இல்லை என்று கேளுங்கள்.

மொட்டைமாடி

'யார் இல்லை'யா! அட.

வழிப்போக்கன்

ஜூலை கடைசி வாரம் விடுப்பு கேட்டிருக்கிறேன். அவர்கள் குடும்ப விழா, நான் அந்நியன், போகலாமா என்று தயக்கமாக இருக்கிறது.

பழையஏடு

அணிவகுப்பும் சாப்பாடும் வருகிறவர் எல்லோருக்கும்தான். கேமராவைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். யாராவது பேசவந்தால் பேசுங்கள். தொப்பியும் தண்ணீரும் மறக்காதீர்கள், அந்த வெயில் நம் வெயிலுக்குச் சளைத்ததில்லை.

கணக்குப்பிள்ளை

நேற்று இரவு சும்மா பார்க்கலாம் என்று 1885 கான்சாஸ் கணக்கெடுப்பைத் திறந்தேன். கிரகாம் கவுன்டி, நிக்கோடிமஸ். பழையஏடு சொன்ன அந்தப் பத்தி: எங்கிருந்து வந்தீர்கள். கென்டகி. கென்டகி. கென்டகி. கீழே வரவர வயது குறைகிறது. ஒரு குடும்பத்தில் மூத்த பிள்ளைகள் எல்லாம் கென்டகியில் பிறந்தவர்கள், கடைசி இரண்டு கான்சாஸில். அந்த நடுவில் ஒரு பெரிய இடைவெளி. தட்டம்மை ஞாபகம் வந்தது. இவர்கள் அந்தக் கூட்டமா என்று தெரியாது, வேறு காரணமாகவும் இருக்கலாம். மணி பார்த்தால் இரண்டு.

கூரைச் செலவு பற்றிய என் கேள்வி அப்படியே நிற்கிறது.

பழையஏடு

பக்க எண் குறித்துவைத்தீர்களா?

கணக்குப்பிள்ளை

இல்லை.

பழையஏடு

எல்லாரும் முதல் தடவை செய்யும் தப்பு. திரும்பப் போய்த் தேடுங்கள். இந்த முறை அந்த வீட்டுக்கு மேலும் கீழும் இருக்கும் இரண்டிரண்டு வீடுகளையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், நிலக் கோப்பில் சாட்சி சொன்னவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.